ஜோசப் நையின் கடைசிக் கட்டுரையும் திருப்பூரின் 50 விழுக்காடு வரியும்: பேசலாமா?

நொய்யல்கரை
12 அக்டோபர் 2025, இரவு 9:40

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பதினான்கு வருடமாக அமெரிக்க பையர்களின் ஆர்டர்தான் என் பொறுப்பு. ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு டிரம்ப் 50 விழுக்காடு கூடுதல் வரி போட்டதிலிருந்து அந்த வேலை ஆட்டம் கண்டிருக்கிறது. அரசியல் அறிவியல் படித்ததில்லை. ஆனால் இரண்டு மாதமாக ஓர் அரசியல் அறிவியலாளர் எழுதியது மனதை விட்டுப் போகவில்லை. அதைப் பேச ஆள் வேண்டும் என்றுதான் இந்த இழை.

அவர் ஜோசப் நை. ஹார்வர்டில் நீண்ட காலம் பேராசிரியர். கார்ட்டர், கிளின்டன் ஆட்சிகளில் அரசுப் பொறுப்புகளிலும் இருந்தவர். மென்சக்தி (மிரட்டாமல், கவர்ந்து இழுத்தே காரியம் சாதிக்கிற பலம்) என்று இன்று எல்லோரும் பேசுகிறோமே, அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் அவர்தான். கடைசிவரை பொது வாசகருக்காகப் பத்திரிகைகளில் எழுதிக்கொண்டே இருந்தார். இந்த ஆண்டு மே 6ஆம் தேதி, 88 வயதில் காலமானார். இன்னோர் அரசியல் அறிவியலாளரான ராபர்ட் கியோஹேனுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, மறைவுக்குப் பிறகு ‘ஃபாரின் அஃபேர்ஸ்’ ஜூலை-ஆகஸ்ட் இதழில் வந்தது. இருவரும் 1977இலேயே ஒரு புத்தகத்தில் சொன்னதை இப்போதைய டிரம்ப் ஆட்சியோடு பொருத்திப் பார்க்கிறார்கள்.

நான் புரிந்துகொண்டது இது. இரண்டு நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருக்கின்றன என்பதற்காக இருவருக்கும் சம பலம் என்று ஆகிவிடாது. யார் குறைவாகச் சார்ந்திருக்கிறாரோ அவர் கை ஓங்கும். அதிகமாக இறக்குமதி செய்கிற நாடு, ‘உன்னிடம் வாங்க மாட்டேன்’ என்று சொல்லி மிரட்ட முடியும். ஆகவே வணிகப் பற்றாக்குறை என்று டிரம்ப் புலம்புகிற அதே விஷயம் பேரத்தில் அவருக்குப் பலம். இதை இருவரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பலத்தை மிரட்டுவதற்கே செலவழித்தால் மற்ற நாடுகள் வேறு வழி தேடிப் போய்விடும், பலம் வந்த ஊற்றே வற்றிவிடும் என்று எச்சரிக்கிறார்கள்.

இப்போது என் மேசைக்கு வருகிறேன். ஒரு காட்டன் டி-ஷர்ட், எங்கள் விலை 3 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காட்டன் டி-ஷர்ட்டுக்கு எப்போதும் உள்ள வரி 16.5 விழுக்காடு. அதாவது 49.5 சென்ட். ஆகஸ்ட் 7 முதல் அதன்மேல் 25 விழுக்காடு. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25, ஆகக் கூடுதல் வரி 50. பழைய வரியும் சேர்த்து மொத்தம் 66.5 விழுக்காடு, ஒரு பீஸுக்கு ஏறக்குறைய 2 டாலர் வரி. வங்கதேசத்துக்குக் கூடுதல் வரி 20தான். அதே 3 டாலர் டி-ஷர்ட் அங்கிருந்து போனால் வரி 1 டாலர் 10 சென்ட்கூட வராது. ஒரு பீஸுக்கு 90 சென்ட் வித்தியாசம். எங்கள் கம்பெனியில் எல்லாச் செலவும் போக நிற்பது 5, 6 விழுக்காடு, அதாவது 15, 18 சென்ட். 90 சென்டை எங்கிருந்து எடுப்பது?

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பையரிடமிருந்து அந்த மெயில் வந்தது. ‘கட்டிங் போட வேண்டாம், அடுத்த தகவல் வரும்வரை நிறுத்துங்கள்.’ அதற்குள் துணி சாயம் முடிந்து, காம்பாக்டிங் (சுருங்காமல் இருக்க அழுத்துவது) முடிந்து வந்துவிட்டது. குழந்தைகள் சைஸ், இளம் ஊதா நிறம், அந்த பையருக்கு மட்டும் லேப் டிப் (சாய மாதிரி) ஓகே ஆன நிறம். வேறு யாருக்கும் வெட்ட முடியாது. கட்டிங் ஹாலில் ரோல் ரோலாகச் சுவர் உயரத்துக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் என் இருக்கைக்குப் போகிறேன்.

தயாராக இருந்த சரக்கையாவது அனுப்பிவிடலாம் என்று ஓடினோம். இரண்டாவது 25 விழுக்காட்டிலிருந்து தப்ப, 27ஆம் தேதிக்குள் கப்பலில் ஏறினால் மட்டும் போதாது, செப்டம்பர் 17க்கு முன் அங்கே சுங்கத்தில் பதிவாகியிருக்க வேண்டும். தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் தாய்க்கப்பல் மாற்றி, நியூயார்க் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கணக்குப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது.

நான் கேட்க வந்த கேள்வி இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் செய்கிற ஐபோனுக்கு இந்த 50 விழுக்காடு கிடையாது. ஜெனரிக் மருந்துக்கும் கிடையாது. பிரேசிலுக்கும் இதே 50 விழுக்காடு போட்டார்கள், ஆனால் ஆரஞ்சு ஜூஸுக்கும் விமானத்துக்கும் விலக்கு. எவ்வளவு விற்கிறோம் என்பதைவிட, நம்மை விட்டால் அவர்களுக்கு வேறு ஆள் எத்தனை நாளில் கிடைப்பான் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பனியனுக்கு வேறு ஆள் ஒரே சீசனில் கிடைத்துவிடுகிறான்.

ஆனால் நையும் கியோஹேனும் அமெரிக்கா, சீனா, இந்தியா என்று நாட்டையே ஒரு ஆளாக வைத்துப் பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் அமெரிக்காவின் பங்கு சுமார் ஐந்தில் ஒன்று. டெல்லியில் இருந்து பார்த்தால் சமாளித்துவிடலாம். திருப்பூர் ஏற்றுமதியில் அது மூன்றில் ஒரு பங்குக்கு அருகே. அமெரிக்காவுக்கு மட்டுமே செய்கிற கம்பெனியில் நூற்றுக்கு நூறு. இந்த அடியை நாட்டுக்குள் யார் தாங்குவது என்பதை முடிவு செய்வதுதானே ஆட்சி நிர்வாகத்தின் வேலை? அதைப் பற்றி அவர்கள் ஏன் பேசவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலமரத்தடி
12 அக்டோபர் 2025, இரவு 11:15

நல்ல தொடக்கம். அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன், இந்த 1977 புத்தகத்தை வருடா வருடம் வகுப்பில் எடுக்கிறேன். அதனால் உங்கள் புகாரில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது.

நாட்டை ஒரே ஆளாகப் பார்க்காதே என்பதுதான் அந்தப் புத்தகத்தின் முக்கியமான வாதங்களில் ஒன்று. அதுவரை இருந்தவர்கள் அரசுகள் மட்டுமே உலக அரங்கில் ஆடுவதாக எழுதினார்கள். இவர்கள் இருவரும், சமூகங்களுக்கு இடையே பல வழிகள் இருக்கின்றன, கம்பெனியும் வங்கியும் தொழிற்சங்கமும் அதிகாரிகளும் எல்லை தாண்டி நேரடியாகத் தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்றார்கள். நீங்களும் உங்கள் பையரும் பதினான்கு வருடமாக மெயில் போட்டுக்கொண்டிருக்கிறீர்களே, அது அவர்கள் சொன்ன வழிகளில் ஒன்று. ஆனால் கடைசிக் கட்டுரை அமெரிக்காவின் பலம் என்ன ஆகும் என்ற ஒரே கேள்விக்காக எழுதப்பட்டது. வாஷிங்டனில் வேலை பார்த்த நை, அமெரிக்க வாசகருக்கு எழுதினார். அந்தச் சட்டகத்துக்குள் திருப்பூர் வராதது இயல்பு. அதை நாம்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. வகுப்பில் நாங்கள் சென்சிட்டிவிட்டி, வல்னரபிலிட்டி என்று இரண்டாகப் பிரித்துச் சொல்வோம். அடி விழுந்த உடனே எவ்வளவு வலிக்கிறது என்பது முதலாவது. மாற்று ஏற்பாடெல்லாம் செய்து பார்த்த பிறகும் எவ்வளவு வலி மிச்சம் இருக்கிறது என்பது இரண்டாவது. ஆகஸ்டில் உங்களுக்கு வந்த மெயில் முதல் வகை. இரண்டாவது வகையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது இன்னும் ஓராண்டு போனால்தான் தெரியும். பிரிட்டனோடு ஜூலை 24இல் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தோடு பேச்சு நடக்கிறது. இவையெல்லாம் எவ்வளவு சீக்கிரம் உங்கள் கட்டிங் டேபிள்வரை வந்து சேர்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1971 ஆகஸ்டில் நிக்சன் திடீரென்று இறக்குமதிக்கு 10 விழுக்காடு கூடுதல் வரி போட்டார். நான்கே மாதத்தில் எடுத்துவிட்டார். அதைப் பார்த்த தலைமுறைதான் நையும் கியோஹேனும்.

கொங்குத்தென்றல்
13 அக்டோபர் 2025, காலை 7:05

அமெரிக்கப் பேராசிரியர் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டுமா? 140 கோடி பேர் இருக்கிற நாடு. உள்நாட்டுக்குத் தைத்தாலே போதும். அவன் வாங்காவிட்டால் போகட்டும்.

நொய்யல்கரை
13 அக்டோபர் 2025, காலை 8:10

கோபம் புரிகிறது நண்பரே, எனக்கும் இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு சுலபம் இல்லை. எங்கள் லைனில் ஓடுவது அமெரிக்க அளவு, அமெரிக்க ஃபிட், அவர்கள் கேட்ட துணி எடை. உள்நாட்டு வியாபாரி கேட்பது வேறு விலை, வேறு தரம். பணமும் நான்கு மாதம், ஐந்து மாதம் கழித்துத்தான் வரும். உள்நாட்டுக்கு என்றே இருக்கும் கம்பெனிகள் ஏற்கெனவே காதர்பேட்டைச் சந்தையில் ஒருவரோடொருவர் விலையில் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் போய் விழுந்தால் அவர்கள் விலையும் சேர்ந்து சரியும். இரண்டு கம்பெனி மாறலாம், ஊரே மாற முடியாது.

ஆலமரத்தடி சார், திருத்தியதற்கு நன்றி. நான் புத்தகத்தைப் படிக்கவில்லை, கட்டுரையை மட்டும்தான் படித்தேன். அந்தப் பழியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

பெருமாநல்லூர்க்காரி
13 அக்டோபர் 2025, இரவு 10:20

நான் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறேன். என் பையன் இந்த இழையைக் காட்டினான். யார் தாங்குவது என்று அண்ணா கேட்டிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. பேப்பரில் வேலை போகும் என்று போட்டிருந்தார்கள், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றரை ஷிப்ட் நின்றுபோச்சு. முன்னெல்லாம் காலை எட்டரைக்கு ஏறினால் ராத்திரி எட்டரை வரை வேலை இருக்கும். இப்போது ஐந்தரைக்கு பெல் அடித்ததும் வேன் வந்துவிடுகிறது. சீக்கிரம் வீட்டுக்கு வருவது நல்லதுதானே என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். அந்த அரை ஷிப்ட் காசில்தான் குழு லோன் கட்டிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கவரைப் பிரித்தால் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கிறது, செவ்வாய்க்கிழமை குழுவுக்குக் கட்ட இல்லை.

பவர் டேபிளில் (தையல் மெஷினில்) இருக்கிற பீகார், ஒடிசா பிள்ளைகள் பாதிப் பேர் தீபாவளிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போகிறோம் என்று டிக்கெட் போட்டுவிட்டார்கள். வருஷா வருஷம் போவதுதான். இந்தத் தடவை திரும்பி வருகிற டிக்கெட் யாரும் போடவில்லை. இதை மானேஜரிடம் சொன்னேன், அவருக்கும் தெரிந்திருக்கிறது.

போனஸ் கொடுத்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆலமரத்தடி
13 அக்டோபர் 2025, இரவு 11:02

அம்மா, நீங்கள் எழுதியதை நாளைக்கு வகுப்பில் வாசித்துக்காட்ட அனுமதி வேண்டும். வேலையிழப்புக் கணக்கில் இது வராது. வேலைக்கு இருக்கிறீர்கள், சம்பளம் வருகிறது, ஆகவே புள்ளிவிவரத்தில் பாதிப்பு இல்லை என்றுதான் பதிவாகும். போய்விட்டதோ அரை ஷிப்ட்.

பெருமாநல்லூர்க்காரி
14 அக்டோபர் 2025, காலை 6:30

வாசியுங்க சார். கம்பெனி பேர் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டாம்.

கரிசல்மண்
14 அக்டோபர் 2025, பிற்பகல் 2:45

திருப்பூர்க்காரர்கள் கஷ்டம் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அடியை யார் தாங்குவது என்று கேட்டுவிட்டீர்கள், அதற்கு ஒரு பதில் விளாத்திகுளம் பக்கம் பருத்தி போடுகிற எங்களிடம் இருந்தும் வர வேண்டும்.

ஆகஸ்ட் 19ஆம் தேதி மத்திய அரசு வெளிநாட்டுப் பருத்திக்கு இருந்த 11 விழுக்காடு இறக்குமதி வரியை எடுத்தது. முதலில் செப்டம்பர் 30 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டித்தார்கள். மில்காரர்களுக்கு நூல் விலை குறையும், பனியன் கம்பெனிக்கு உதவும் என்பது காரணம். சரி, உதவட்டும். ஆனால் 2021 பட்ஜெட்டில் அந்த வரியைப் போட்டபோது எங்களுக்காகத்தான் போடுகிறோம் என்றார்கள். அமெரிக்கா பனியனுக்கு வரி போட்டது, இங்கே எங்கள் வேலியைப் பிரித்துவிட்டார்கள். எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

எங்கள் பக்கம் மானாவாரிப் பருத்தி. புரட்டாசி மழையைப் பார்த்து விதைப்போம், தை பிறந்த பிறகுதான் எடுப்பு. இப்போதுதான் விதைத்து முடித்திருக்கிறோம். டிசம்பருக்குள் மில்கள் வெளிநாட்டுப் பஞ்சை வாங்கிக் குடோனில் அடுக்கிவிட்டால், தை மாதம் எங்கள் பருத்தியை என்ன விலைக்கு எடுப்பார்கள்? நடுத்தர இழைப் பருத்திக்கு இந்த ஆண்டு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,710 ரூபாய் என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த விலைக்கு அரசு எடுக்கிற இடம் எங்கள் ஊரிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வேறு கதை. வருகிற வியாபாரி தூசி, ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பான். போன வருஷம் என் தம்பி பருத்தியை விட்டுவிட்டு மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டான். இந்த வருஷம் நானும் பாதி நிலத்தில் மாறிவிட்டேன்.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் 90 சென்டில் ஒரு பங்கு என் காட்டிலிருந்தும் எடுக்கப்பட்டிருக்கிறது.

நொய்யல்கரை
14 அக்டோபர் 2025, இரவு 9:15

அண்ணா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வரி எடுத்த அன்று எங்கள் ஆபீஸில் நல்ல செய்தி என்று பேசிக்கொண்டோம். நானும்தான். உங்களை நினைக்கவே இல்லை.

சங்கங்கள் பலமாக இருப்பவர்களின் குரல் டெல்லிக்கு ஒரு வாரத்தில் போகிறது. எங்களுக்கு ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது, மில்லுக்கு இருக்கிறது. விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கிறவருக்காக அந்த மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? நான் முதலில் கேட்ட கேள்விக்கு எனக்கே பிடிக்காத பதில் இது.

ஆலமரத்தடி
14 அக்டோபர் 2025, இரவு 10:40

கரிசல்மண் எழுதியது ஆட்சி முறையின் ஆணிவேரைத் தொடுகிறது.

நம் அரசமைப்பில் வெளிநாட்டு வணிகம், ஏற்றுமதி, இறக்குமதி எல்லாம் மத்தியப் பட்டியலில் 41ஆவது இனம். ஒப்பந்தம் போடுவது 14ஆவது இனம். திருப்பூரும் விளாத்திகுளமும் இருக்கிற மாநிலத்துக்கு இதில் முறையான இடம் கிடையாது. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதலாம், ஆகஸ்டில் ஸ்டாலின் எழுதினார். வேளாண்மை மாநிலப் பட்டியல், அதைப் பாதிக்கிற சுங்க வரி மத்தியப் பட்டியல். வணிக ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் வாக்கெடுத்து ஏற்க வேண்டும் என்ற விதியும் நம்மிடம் இல்லை. சுங்க விலக்கு ஓர் அறிவிக்கையில் வருகிறது, ஓர் அறிவிக்கையில் போகிறது.

அவசரத்துக்கு இப்படி ஓர் அதிகாரம் தேவை என்று வாதிடலாம், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் அந்த அறிவிக்கையால் நஷ்டப்படுகிறவர் யார், அவருக்கு என்ன ஈடு என்று எழுதிவைக்க வேண்டிய கட்டாயமாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் இப்படி வரி போடும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வி இப்போது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

எடிசன்வாசி
15 அக்டோபர் 2025, அதிகாலை 5:50

நியூஜெர்சியிலிருந்து. ஆலமரத்தடி சார் கூப்பிட்டதால் வருகிறேன்.

இங்கே அரசமைப்பின் முதல் பிரிவிலேயே வரி போடும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று இருக்கிறது. 1930களிலிருந்து காங்கிரஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அதிபருக்கு விட்டுக்கொடுத்தது. டிரம்ப் இந்த நாட்டு வாரியான வரிகளுக்குப் பிடித்திருப்பது 1977இல் வந்த ஓர் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டம். (நை, கியோஹேன் புத்தகம் வந்த அதே ஆண்டு என்பதை இந்த இழையைப் படித்தபோதுதான் கவனித்தேன்.) அந்தச் சட்டத்தில் இறக்குமதியை ‘ஒழுங்குபடுத்தலாம்’ என்று இருக்கிறதே தவிர, வரி என்ற சொல் இல்லை. மே 28இல் பன்னாட்டு வணிக நீதிமன்றம் இந்த வரிகள் செல்லாது என்றது. ஆகஸ்ட் 29இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7க்கு 4 என்று அதையே உறுதி செய்தது. ஆனால் வரி வசூல் நிற்கவில்லை. நவம்பர் 5இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கிறது. வழக்குப் போட்டவர்களில் ஒயின் இறக்குமதி செய்கிற சிறு வியாபாரியும் இருக்கிறார், சில மாநிலங்களும் இருக்கின்றன. மாநிலங்கள் வழக்காட முடிகிறது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு விஷயம். வரியைக் கட்டுவது இந்தியா என்று இங்கே டிவியில் பேசுகிறார்கள். கட்டுவது இறக்குமதி செய்கிற அமெரிக்கக் கம்பெனி. அவன் பாதியை உங்களிடம் தள்ளுபடியாகக் கேட்பான், மீதியைக் கடை விலையில் ஏற்றுவான். என் மகளுக்கு ஸ்கூலுக்கு வாங்கிய டி-ஷர்ட் பாக்கெட்டில் போன வருஷம் ‘மேட் இன் இந்தியா’ என்று இருந்தது. இந்த மாதம் அதே பிராண்டில் வாங்கியதில் வேறு நாட்டுப் பெயர். விலையும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

வன்னிக்காற்று
15 அக்டோபர் 2025, இரவு 8:25

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் ஆர்டர் கொஞ்சம் எங்கள் பக்கம் வந்திருக்கலாம். அதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரலில் எங்களுக்கு நூற்றுக்கு 44 வீதம் என்று அறிவித்தபோது இங்கே கார்மென்ட்ஸில் வேலை செய்கிற பிள்ளைகள் இரவு நித்திரை கொள்ளவில்லை. பிறகு 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆனது. இன்றைக்கு எங்களுக்கு 20, உங்களுக்கு 50. நாளைக்கு யாருக்கு எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்ட கேள்வியை நாங்கள் வேறொரு விதமாக அனுபவித்தோம். ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் எங்களுக்கு ஜிஎஸ்பி பிளஸ் என்ற இறக்குமதி வரிச் சலுகை தந்தது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. யுத்தம் முடிந்த பிறகு, சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை, சிவில் அரசியல் உரிமைகள், சிறுவர் உரிமைகள் ஆகியவற்றை அரசு கடைப்பிடிக்கவில்லை என்று 2010 ஓகஸ்டில் சலுகையை நிறுத்தினார்கள். 2017 மே மாதம்தான் திரும்பக் கிடைத்தது.

அந்த நிபந்தனையை நான் ஆதரிக்கிறேன். தெளிவாகச் சொல்கிறேன், எங்கள் சனத்துக்கு நடந்ததைப் பற்றி வெளியில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது என்றால் அதுவும் ஒரு காரணம். 1979ஆம் ஆண்டு வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது, அதைப் பற்றி இப்போதும் கேட்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த ஏழு வருடம் டி-ஷர்ட்டுக்கு 9.6 வீதம் வரி கட்ட வேண்டி வந்தபோது, சித்திரவதைக்கு உத்தரவிட்டவர்களில் ஒருவருக்கும் ஒரு ரூபாய் நட்டமில்லை. ஓவர்டைம் குறைந்தது தைக்கிற பிள்ளைகளுக்கு. பெருமாநல்லூர் அக்கா எழுதியதை வாசிக்கும்போது அதுதான் ஞாபகம் வந்தது.

டிரம்பின் வரியையும் ஐரோப்பாவின் நிபந்தனையையும் நான் ஒன்றாக வைக்கவில்லை. ஒன்று எழுதிவைத்த விதி, முன்கூட்டியே தெரியும், திருந்தினால் திரும்பக் கிடைக்கும். மற்றது ஒரு மனிதரின் முடிவு. விதி நல்லதாக இருந்தாலும் அடி விழுகிற இடம் ஒன்றாகத்தான் இருக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

ஆலமரத்தடி
15 அக்டோபர் 2025, இரவு 9:50

வன்னிக்காற்று, நை மென்சக்தி என்று சொன்னதன் பொருளை நீங்கள் காட்டிவிட்டீர்கள். விதி எழுதிவைத்து, அதற்குத் தானும் கட்டுப்பட்டு நடக்கிற நாட்டை மற்றவர்கள் நம்புவார்கள், அந்த நம்பிக்கையே பலம் என்பது அவர் வாதம். அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனத்தை மூடியது, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை முடக்கியது எல்லாம் அந்தப் பலத்தைக் கையாலேயே உடைப்பது. வரியும் அந்த வரிசையில்தான் வருகிறது.

ஆனால் பனியன் பையர் விஷயத்தில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. அமெரிக்கா மீது நம்பிக்கை போனால் மற்ற நாடுகள் விலகும் என்கிறார் நை. நொய்யல்கரை சார், வரி நாளைக்கே 15 ஆனால் அந்த பையரை விட்டு விலகுவீர்களா?

நொய்யல்கரை
15 அக்டோபர் 2025, இரவு 10:30

மாட்டோம். மறுநாள் காலையிலேயே கட்டிங் போடுவோம்.

ஆனால் எல்லா லைனையும் அவனுக்கே கொடுக்க மாட்டோம். அதுதான் மாறியிருக்கிறது. முன்பு ஒரே பையர் ஒரு லட்சம் பீஸ் கொடுத்தால் வேறு யாரையும் பார்க்க மாட்டோம். இனி 40 ஆயிரம் போதும், மீதி இடத்தை மற்றவர்களுக்கு வைப்போம் என்று முதலாளியே சொல்கிறார்.

பிரிட்டன் பையர் ஒருவரோடு இரண்டு மாதமாகப் பேசுகிறோம். இப்போது நமக்கு அங்கே வரி உண்டு, வங்கதேசத்துக்கு இல்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் நமக்கும் இல்லாமல் போகும். அவர் முதலில் கேட்டது விலை இல்லை. சாயத்தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டார். நொய்யல் ஆற்றைக் கெடுத்தவர்கள் நாங்கள்தான், ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே விவசாயிகள் பட்டதை மறைக்க முடியாது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே அழிந்தது என்றோம். அதன்பிறகுதான் ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு நிஜமாக வந்தது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று அதற்குக் கூடுதல் செலவு இன்றும் ஆகிறது, அதனால்தான் எங்கள் விலை வங்கதேசத்தைவிட ஏறுகிறது. ஆனால் அந்த பிரிட்டன்காரர் உட்கார்ந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். சுலபமாக மாற்ற முடியாத ஆளாக ஆவதற்கு ஒரு வழி இருக்கிறது என்றால் அது இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதைச் செய்யவைத்தது எங்கள் நல்லெண்ணம் இல்லை, கோர்ட் ஆர்டர்.

கரிசல்மண்
16 அக்டோபர் 2025, காலை 9:00

அப்படியானால் எங்கள் பருத்திக்கும் அந்த மாதிரி ஒரு பேர் வாங்கிக் கொடுங்கள் அண்ணா. மானாவாரி, பாசனத் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. அதைக் கேட்கிற பையர் இருப்பார் இல்லையா?

நொய்யல்கரை
16 அக்டோபர் 2025, காலை 9:20

இருப்பார். நிச்சயமாகக் கேட்கிறேன். தனி மடலில் உங்கள் எண்ணை அனுப்புங்கள். எங்களுக்கு நூல் கொடுக்கிற மில்லில் பேசுகிறேன். முடியும் என்று இப்போதே சொல்ல மாட்டேன்.

எடிசன்வாசி
31 அக்டோபர் 2025, அதிகாலை 6:10

இழை கீழே போய்விட்டது, மேலே கொண்டுவருகிறேன். நேற்று தென்கொரியாவில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் சந்தித்தார்கள். அக்டோபர் 9இல் சீனா அரியவகைத் தாதுக்களின் ஏற்றுமதியை இறுக்கியது. மறுநாளே டிரம்ப் 100 விழுக்காடு கூடுதல் வரி என்று மிரட்டினார். நேற்று அந்த மிரட்டல் போயே போச்சு. இருந்த வரியிலும் 10 குறைத்தார்கள், சீனா தன் கட்டுப்பாட்டை ஒரு வருடம் தள்ளிவைத்தது. ரஷ்ய எண்ணெயை நம்மைவிட அதிகம் வாங்குகிற நாடு சீனா, அதற்காக அவர்களுக்கு ஒரு விழுக்காடு வரியும் இல்லை. நொய்யல்கரை முதல் பதிவில் கேட்டதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்காது. அந்தத் தாதுவுக்கு இவர்களுக்கு வேறு ஆள் இல்லை.

பெருமாநல்லூர்க்காரி
31 அக்டோபர் 2025, இரவு 9:35

ஊருக்குப் போனவர்களில் ஆறு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். எங்கள் லைனில் முப்பது மெஷின். ஒன்றரை ஷிப்ட் இன்னும் வரவில்லை. குழுவில் பேசி இந்த மாதம் பாதி கட்டச் சம்மதித்தார்கள்.

நொய்யல்கரை
31 அக்டோபர் 2025, இரவு 11:05

பிரிட்டன் பையர் சாம்பிள் கேட்டிருக்கிறார். குழந்தைகள் சைஸ்தான். நிறம் எது வேண்டும் என்று கேட்டபோது, கட்டிங் ஹாலில் இருக்கிற இளம் ஊதாவை போட்டோ எடுத்து அனுப்பிவைத்தேன். பார்த்துவிட்டு, துணி எடையையும் சாயப்பட்டறைச் சான்றிதழையும் அனுப்பச் சொன்னார். திங்கட்கிழமை கூரியரில் போகிறது.